உரிமம் கிடைக்காத காரும் ஜி.டி.நாயுடு பழக்கிய கைகளும்

1952ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு சிறிய கார் செய்யப்பட்டது. இரண்டு பேர் மட்டும் இருந்து போகக்கூடிய பெற்றோல் கார். அதற்கான செலவு 2,000 ரூபாய். அதைச் செய்தவர் பொறியியல் படித்தவர் அல்லர். பள்ளிக்கூடத்தையே ஒழுங்காக முடிக்காதவர். அந்தக் கார் கடைக்கு வரவேயில்லை. அதைத் தொகையாக உற்பத்தி செய்ய இந்திய அரசு உரிமம் கொடுக்கவில்லை.

அவருடைய பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி.டி.நாயுடு என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. இந்தியாவின் எடிசன் என்று அவரை அழைப்பார்கள். 2025 ஒக்டோபரில் கோயம்புத்தூர் அவிநாசி வீதியில் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீற்றர் நீளமான மேம்பாலத்துக்கும் அவருடைய பெயர்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் தெரியாது.

நான் சவளக்கடையில் வாகனம் திருத்துகிறவன். கல்முனையிலிருந்து கிட்டங்கி வீதியால் வந்து, தாம்போதியைத் தாண்டினால் எங்கள் ஊர். சுற்றிலும் வயல். மாரி மழைக்குத் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். பிறகு ஒரு மாதத்துக்கு பிரேக்கும் பெயாரிங்கும் மாற்றுகிற வேலைதான். வாப்பாவும் இதே தொழில். சிகிச்சைக்காக உம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்த நாட்களில்தான், அவிநாசி வீதியில் உள்ள நாயுடுவின் கண்காட்சியையும் அவர் பெயரிலான கார் அருங்காட்சியகத்தையும் பார்க்கக் கிடைத்தது. பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பெரிய மனிதர்களின் வரலாற்றை எழுத்தாளர்கள் எழுதுவார்கள். ஒரு மெக்கானிக்கின் வரலாற்றை இன்னொரு மெக்கானிக் எழுதினால் சில விடயங்கள் வேறு மாதிரித் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கழற்றிப் பார்த்தவர்

நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23ஆம் திகதி. கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்ற கிராமம். விவசாயக் குடும்பம். சிறுவயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறையில் இருப்பதைவிடத் தோட்டத்தில் நிற்பதே அவருக்கு விருப்பம்.

ஒருநாள் வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த றட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். 1912ஆம் ஆண்டு மொடல். மாடும் குதிரையும் இல்லாமல் தானாக ஓடுகிற ஒரு வண்டியை அவர் கண்டது அதுதான் முதல் தடவை. அது தனக்கு வேண்டும் என்று நினைத்தார். கையில் காசு இல்லை. கிராமத்தை விட்டுக் கோயம்புத்தூர் நகரத்துக்கு வந்து, ஓட்டல் ஒன்றில் பரிமாறுகிற வேலை உட்படக் கிடைத்த வேலைகளைச் செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, அதே அதிகாரியிடமிருந்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

இதுவரை இது ஆசைப்பட்டதை அடைந்த ஒரு வாலிபனின் கதை. அடுத்ததாகச் செய்ததுதான் அவரை வேறு ஆளாக்கியது. வாங்கிய வண்டியை முழுதாகக் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று பார்த்தார். திரும்பவும் பூட்டி ஓட்டினார். அதற்குப் பிறகு அவர் ஒரு மெக்கானிக்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நன்றாக விளங்கும். சாக்கை விரித்து, கழற்றுகிற ஒவ்வொன்றையும் வரிசையாக வைப்போம். எது முதலில் வந்ததோ அது கடைசியில் போகும். எல்லாம் பூட்டி முடிந்த பிறகு ஒரு நட் மிஞ்சினால் அன்றிரவு நித்திரை வராது. புத்தகம் இல்லாதவனுக்கு அந்தச் சாக்குத்தான் புத்தகம்.

ஒரு பஸ்ஸிலிருந்து

அதற்குப் பிறகு அவர் நேராக மோட்டார் தொழிலுக்கு வந்துவிடவில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தி அரைக்கும் ஆலை நடத்திச் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் அதை இழந்தார். வெறுங்கையோடு கோயம்புத்தூருக்குத் திரும்பினார்.

அங்கே தொழில் நடத்திக்கொண்டிருந்த ஆங்கிலேயரான ஸ்டேன்ஸ் அவருக்கு உதவினார். அந்த உதவியோடு 1920இல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட விட்டார். சாரதியும் அவர்தான். வழியில் நின்றால் இறங்கித் திருத்துகிறவரும் அவர்தான்.

அந்த ஒரு பஸ்தான் பிறகு யுனிவர்சல் மோட்டார் சேர்விஸ் என்ற கம்பனியாக வளர்ந்தது. சுருக்கமாக யூ.எம்.எஸ். 1930களின் தொடக்கத்தில் அவரிடம் இருந்த பஸ்களின் தொகை இருநூறைத் தாண்டிவிட்டது. நாட்டிலேயே மிக ஒழுங்காக நடந்த பஸ் சேவைகளில் ஒன்று என்று அது பெயர் எடுத்தது.

ஒரு பஸ்ஸை ஓட்டுகிறவனுக்கும் இருநூறு பஸ்ஸை ஓட விடுகிறவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு பஸ்ஸில் கோளாறு வந்தால் திருத்திவிட்டுப் போகலாம். இருநூறு பஸ்ஸில் அதே கோளாறு வந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் தப்ப முடியாது. சும்மா தட்டிக் கொட்டி அனுப்பினால் நாளைக்கு இன்னொன்று வந்து நிற்கும். நாயுடுவின் கண்டுபிடிப்புக்களுக்கெல்லாம் அடியில் இந்தப் பழக்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது. கோளாறு தெரிகிற இடத்தோடு நிற்காமல், அது தொடங்குகிற இடம் வரை போய்ப் பார்க்கிற பழக்கம்.

இதை விளக்க எங்கள் கராஜுக்கு வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன்.

மட்காட்டில் உரசிய டயர்

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர், வெளிநாட்டில் உழைத்த காசில் ஒரு ஜீப் செய்தார். இரண்டாம் உலகப் போர்க் கால வில்லிஸ் ஜீப் மாதிரி. சேஸி ஒரு பழைய சின்ன லொறியுடையது. உடம்பு தகட்டில் வெட்டி ஒட்டியது. படத்தைப் பார்த்து அளவெடுத்து, அச்சொட்டாகச் செய்திருந்தார். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வளைவில் திருப்பினால் முன் டயர் மட்காட்டில் உரசியது. நாலு பேர் ஏறினால் நேராகப் போகும்போதும் உரசியது. எங்களிடம் வரமுன் ஒருவர் மட்காட் விளிம்பைச் சுத்தியலால் அடித்து வளைத்திருந்தார். இன்னொருவர் ஸ்பிரிங்கில் மேலதிகப் பட்டை போட்டிருந்தார். உரசல் நிற்கவில்லை. டயரின் பக்கச் சுவரில் நூல் தெரியத் தொடங்கியிருந்தது. அந்த நிலையில் ஓடினால் எந்த நேரமும் வெடிக்கலாம்.

டயர் மட்காட்டில் உரசுவதற்குப் பல காரணங்கள் இருக்கும். எந்தக் காரணம் என்பதை உரசின இடமே சொல்லிவிடும். மட்காட்டின் உள்பக்கமெல்லாம் வெண்கட்டி பூசி, சுமையோடு கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் அழிந்த இடம் தெரியும். மேற்பகுதியில் அழிந்திருந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது சுமை கூடிவிட்டது. வெளி விளிம்பில் அழிந்திருந்தால் சக்கரம் தேவைக்கு அதிகமாக வெளியே நிற்கிறது. ஒன்றில் றிம் பொருத்தமில்லை, அல்லது டயர் அகலம் கூட. திருப்பும்போது மட்டும் உள்பக்கம் பட்டால் ஸ்டியரிங் எல்லைக்கு மேலே திரும்புகிறது. அதற்கென்று இருக்கிற தடுப்பு போல்ட்டைச் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உரசி, மறுபக்கம் விரல் போகிற இடைவெளி இருந்தால், எக்ஸல் இடம் விலகியிருக்கிறது. ஸ்பிரிங்கின் நடு போல்ட் முறிந்தாலும் அப்படி நடக்கும்.

நாங்கள் அந்த ஜீப்பைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தோம். ஒரே அளவு. எக்ஸல் சரி. ஸ்பிரிங்கும் புதிது. வெண்கட்டி அழிந்தது வெளி விளிம்பிலும், திருப்பும்போது உள்பக்கத்திலும். அப்போது டயரின் இலக்கத்தைப் பார்த்தோம். 235/75 ஆர் 15. அதாவது டயரின் அகலம் 235 மில்லிமீற்றர். உண்மையான வில்லிஸ் ஜீப்புக்குப் போட்டது 6.00-16 டயர். ஆறு அங்குல அகலம். மில்லிமீற்றரில் 152 அளவில் வரும். இரண்டுக்கும் இடையே 83 மில்லிமீற்றர் வித்தியாசம். ஒவ்வொரு பக்கமும் 41 மில்லிமீற்றர் கூட. தம்பி மட்காட்டை ஆறு அங்குல டயரைப் பார்த்துச் செய்திருக்கிறார், டயரை ஒன்பது அங்குலத்தில் வாங்கியிருக்கிறார். உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லாதபடியால் வெளியே நின்று பார்க்கிற எவருக்கும் அது தெரியவில்லை.

சரியான 16 அங்குல றிம்மும் ஆறு அங்குல டயரும் போட்டதும் உரசல் நின்றது. வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். அதே 6.00-16 இலக்கத்தில் உழவு இயந்திரத்தின் முன் டயரும் கடையில் இருக்கும். அது வயலுக்கும் குறைந்த வேகத்துக்கும் உரியது. வீதியில் ஓடுகிற வண்டிக்கு ஜீப்புக்கென்று செய்த டயர்தான் போட வேண்டும். சுத்தியலால் வளைத்த விளிம்பில் கூரான இடங்களை அராவி, கம்பி வைத்து உருட்டிவிட்டோம். மேலதிகமாகப் போட்ட ஸ்பிரிங் பட்டையைக் கழற்றினோம். அந்தப் பட்டை வண்டியை உயர்த்தியதே தவிர உரசலைத் தொடவில்லை.

ஒரு வண்டியை முழுதாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதை விளங்கவே இதைச் சொன்னேன். இயந்திரம் ஓடும், கியர் விழும், பிரேக் பிடிக்கும். ஆனால் எல்லாம் ஒரு உடம்புக்குள் ஒன்றையொன்று தொடாமல் இயங்க வேண்டும். சிறிய கார் என்றால் இன்னும் நெருக்கம். ஒரு விரல் இடைவெளி பிழைத்தாலும் டயர் உரசும். அப்படிப்பட்ட ஒரு காரை 2,000 ரூபாய்க்குள் செய்து முடித்தவரின் கை எப்படிப்பட்ட கையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மோட்டாரும் சவரக் கத்தியும்

கார் செய்வதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே நாயுடு வேறு ஒரு வேலையைச் சாதித்திருந்தார். 1937இல் பீளமேட்டில் இருந்த அவருடைய நேஷனல் எலெக்ட்ரிக் வேர்க்ஸ் தொழிற்சாலையில், டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டாரை வெளியே கொண்டு வந்தார். அதுவரை மோட்டார் என்றால் கப்பலில் வருகிற பொருள். இன்று கோயம்புத்தூர் நீரிறைக்கும் மோட்டாருக்குப் பேர்போன ஊர். எங்கள் வட்டாரத்துக் கிணறுகளிலும் அந்த ஊர்ப் பெயர் பொறித்த பம்புகள் இறைத்திருக்கின்றன. அந்தத் தொழிலுக்கு வழிவிட்டது பீளமேட்டில் ஓடிய அந்த முதல் மோட்டார்.

ஐரோப்பாவுக்குப் பல தடவை போனார். ஜேர்மனியில் இயந்திரங்கள் செய்கிற முறையைக் கவனித்துப் படித்தார். சிறு மோட்டாரால் ஓடுகிற ரசாந்த் என்ற சவரக் கருவியைச் செய்தார். மிக மெல்லிய சவர பிளேட், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடுகிற காற்றாடி, மோசடி செய்ய முடியாதபடி வாக்குப் பதிகிற இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1941இல், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தன்னால் கொடுக்க முடியும் என்று அறிவித்தார். வானொலி என்றால் வசதியானவர்களின் வீட்டுச் சாமான் என்றிருந்த காலம் அது.

இயந்திரத்தோடு நிற்கவில்லை. விவசாயியின் மகன் விவசாயத்துக்கும் திரும்பி வந்தார். ஆளுயரத்தைத் தாண்டி வளர்கிற பருத்திச் செடிகளையும், புது வகைப் பப்பாளியையும் வளர்த்துக் காட்டினார். விஞ்ஞானி சி.வி.ராமன் அவருடைய தோட்டத்துக்கு வந்து பார்த்தார். கமராவும் கையுமாகத் திரிவதும் அவருடைய வழக்கம். இலண்டனில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கையாலேயே படம் பிடித்தார்.

இந்தப் பட்டியலை வாசிக்கும்போது ஒரு விடயம் கண்ணில் படும். ஏறக்குறைய எல்லாமே சாதாரண குடும்பத்துக்கு எட்டாமல் இருந்த பொருட்கள். அவற்றை எட்டுகிற விலைக்குக் கொண்டு வருவதுதான் அவருடைய முயற்சி. அந்த வரிசையில் ஆகப் பெரிய முயற்சிதான் 2,000 ரூபாய்க் கார்.

உரிமம் கொடுக்காத காலம்

அது இந்தியா சுதந்திரம் பெற்று ஐந்து வருடம் ஆன நேரம். எந்தத் தொழிற்சாலை எதை எவ்வளவு செய்யலாம் என்பதை அரசு தீர்மானிக்கிற சட்டம் 1951இல் நிறைவேறியிருந்தது. இருக்கிற வளத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பது அன்றைய அரசின் எண்ணம். கார் செய்வதை ஒரு சில பெரிய கம்பனிகளிடமே விட்டார்கள். வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தி விற்ற ஃபோர்ட்டும் ஜெனரல் மோட்டர்ஸும் 1954 அளவில் இந்தியாவில் கார் பொருத்துவதை நிறுத்திக்கொண்டு போயின.

அந்த ஒழுங்குக்குள், கோயம்புத்தூரில் தன் வேலைத்தளத்தில் கார் செய்த ஒரு மனிதருக்கு இடம் கிடைக்கவில்லை. கார் ஓடியது, உரிமம் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது. சாதாரண குடும்பத்துக்கான மலிவான சின்னக் கார் இந்திய வீதிக்கு வர அதற்குப் பிறகு முப்பது வருடங்கள் சென்றன. 1983 இறுதியில்தான் மாருதி 800 வந்தது.

நாயுடுவுக்குக் கோபம் வந்தது. அரசின் வரிக்கும் கட்டுப்பாட்டுக்கும் எதிர்ப்புத் தெரிவித்து, 1950களில் தான் செய்த பொருட்களைத் தானே பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். அதைச் சரியென்று சொன்னவர்களும் இருந்தார்கள், பிழையென்று சொன்னவர்களும் இருந்தார்கள். எனக்கு அந்தக் காட்சியை நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஒரு பொருளைச் செய்கிறவனுக்கு அதன் ஒவ்வொரு ஆணியும் தெரியும். அதன்மேல் அவனே சுத்தியலைத் தூக்குகிறான் என்றால் அதற்கு முன் எத்தனை கந்தோர்களின் வாசலில் அவன் நின்றிருக்க வேண்டும்.

கல்லூரி கட்டியவர்

காருக்கு ஏழு வருடத்துக்கு முன் நடந்த ஒன்றைக் கடைசியில் சொல்வதற்காக வைத்திருந்தேன். என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையில் ஆக முக்கியமான வேலை அதுதான்.

1944இல் பஸ் தொழிலின் நேரடி நிர்வாகத்திலிருந்து விலகிய நாயுடு, தன் பணத்தையும் நேரத்தையும் கல்விக்கும் தொழிலாளர் நலனுக்கும் திருப்பினார். 1945இல் அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோயம்புத்தூரில் ஒரு தொழில்நுட்பப் பயிற்சிக்கூடமும் ஒரு பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தை முடிக்காத நாயுடுவே அங்கே முதல்வராக இருந்தார்.

பொறியியல் படிப்புக்கு நான்கு வருடம் தேவையில்லை, கையால் வேலை செய்து படித்தால் இரண்டு வருடம் போதும் என்பது அவருடைய நிலைப்பாடு. ஆங்கிலேய ஆட்சி அதை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். ஆனால் கல்லூரி நின்றது. இன்று அது கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. எண்பது வருடமாக அதன் வாசலால் பொறியியலாளர்கள் வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். அவரோடு சேர்ந்து மோட்டார் செய்த பாலசுந்தரம் நாயுடு பிறகு டெக்ஸ்டூல் என்ற பெரிய தொழிற்சாலையை உருவாக்கினார். அவர்களிடம் வேலை பழகியவர்கள் தங்களுடைய பட்டறைகளைத் திறந்தார்கள். அந்த நகரம் முழுவதும் இன்று பட்டறைகள்.

1974 ஜனவரி 4ஆம் திகதி, எண்பது வயதில் நாயுடு காலமானார். அவர் செய்த சாமான்களைக் கண்காட்சியில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். அவர் பழக்கிய கைகள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. உரிமம் மறுக்கப்பட்ட கார் நின்றுவிட்டது. உரிமம் தேவைப்படாத பழக்கம் ஆளிலிருந்து ஆளுக்குப் போய்விட்டது.

எங்கள் பட்டறைகள்

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு 1990களின் பொருளாதாரத் தடை ஞாபகம் இருக்கும். வடக்கில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் மெக்கானிக்மார் செய்தவற்றை எந்தக் கல்லூரியும் படிப்பிக்கவில்லை. துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விட்டார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். நாற்பது வருடப் பழைய ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் சாகவிடாமல் வைத்திருந்தார்கள். கிழக்கில் எங்களுக்கு அந்த அளவு தடை இல்லை. ஆனால் சோதனைச்சாவடிகளும் மூடிய வீதிகளும் இருந்தன. கொழும்பிலிருந்து ஒரு சாமான் வர ஒரு மாதம் ஆகும். வராது என்றால் செய்துகொள்வோம்.

கிழக்கில் இன்னொன்றும் நடந்தது. வாப்பா தொழில் பழகியது கல்முனையில் ஒரு தமிழ் மெக்கானிக்கிடம். பத்து வயதுப் பொடியனாகப் போய், சாவி எடுத்துக் கொடுத்து, பிறகு ஒரு இயந்திரத்தைத் தனியாக இறக்கி ஏற்றுகிற அளவுக்கு அவரிடம்தான் வளர்ந்தார். அந்த மனிதருக்கு வேலை கொடுத்தவர்களில் பாதிப் பேர் முஸ்லிம்கள். வாப்பாவின் கராஜில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் தமிழர். 1990இல் அது முறிந்தது. அந்த வருடம் கல்முனை, வீரமுனை, காத்தான்குடி, ஏறாவூர் என்று ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே இரண்டு பக்கமும் கண்ணீர் வருகிற நிலை உண்டானது. வாப்பாவின் குருநாதர் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார். அதற்குப் பிறகு இருவரும் சந்திக்கவில்லை. கராஜிலிருந்த தமிழ்ப் பொடியன்கள் வராமல் போனார்கள். அவர்கள் கற்றது பாதியில் நின்றது. வாப்பா தன் குருநாதரிடம் கேட்காமல் விட்டவையும் அவரோடு போய்விட்டன.

போரில் இழந்த உயிர்களுக்கும் காணிக்கும் வீட்டுக்கும் கணக்கு எடுக்கிறார்கள். அது வேண்டியதுதான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகாமல் நின்ற தொழிலறிவுக்குக் கணக்கு இல்லை. தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட விட்டவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்களுடைய பிள்ளைகள் பெரும்பாலும் வெளிநாட்டில். அவர்களிடம் ஒரு சான்றிதழும் இல்லை. அதனால் அவர்களிடம் பழகியவனுக்கும் சான்றிதழ் இல்லை. கட்டாரிலோ சவூதியிலோ வேலைக்குப் போகும்போது, இருபது வருடம் இயந்திரம் இறக்கிய பொடியன் கூலியாளாகத்தான் போகிறான்.

இதில் எங்களால் செய்யக்கூடிய சில காரியங்கள் இருக்கின்றன. இலங்கையில் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. என்ற முறை இருக்கிறது. அதில் படிப்புக்குப் போகாமல், ஏற்கெனவே கையில் இருக்கிற வேலைத் திறமையைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெறுகிற வழியும் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதைச் சொல்வார்கள். நைட்டா நிறுவனம் ஊடாக விண்ணப்பிக்கலாம். வேலை தெரிந்த பல மூத்தவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் இந்த வயதில் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். மூத்தவர்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். அவர்களிடம் பழகுகிற பிள்ளைக்கு அது தேவை.

வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் ஊர்க் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் காசு அனுப்புகிறார்கள். ஊரில் இருக்கிற ஒரு நல்ல கராஜுக்கு ஒரு வெல்டிங் இயந்திரம் வாங்கிக் கொடுத்து, அதற்குப் பதிலாக இரண்டு பொடியன்களுக்குத் தொழில் பழக்கச் சொல்லலாம். அந்த இரண்டு பேரில் ஒருவர் பக்கத்து ஊராக, மற்றச் சமூகத்துப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் கராஜில் இப்போது அன்னமலையிலிருந்து ஒரு தமிழ்த் தம்பி வேலை பழகுகிறார். அந்த ஜீப்பின் மட்காட்டுக்குள் வெண்கட்டி பூசி, அழிந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். வாப்பாவுக்கு இந்த வித்தையைக் கல்முனையில் சொல்லிக் கொடுத்தது அவருடைய தமிழ்க் குருநாதர். வாப்பா எனக்குச் சொல்லித் தந்தார். நான் அந்தத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

உங்கள் ஊரிலும் ஒரு பழைய மெக்கானிக் இருப்பார். தடைக்காலத்தில் என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று போய்க் கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். முடிந்தால் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.